ட்யூப் ஆம்ப்பா, மாடலிங் ஆம்ப்பா? நீங்கள் வாசிக்கிற சத்தத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

கிட்டார் ஆம்ப் வாங்கக் கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்விக்கு உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். வாரத்தில் பெரும்பாலான நேரம் எவ்வளவு சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்கள்? திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறீர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்துவந்த ஒருவர் பகலில் தூங்குகிறார் என்றால் அதற்கு ஒரு பதில். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறீர்கள், சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது என்றால் வேறு பதில். மாரியம்மன் நோம்பிக்கு மெல்லிசைக் கச்சேரி வாசிக்கப் போகிறவருக்கு இன்னொரு பதில். வால்வு என்கிற ட்யூப்பில் ஓடும் ஆம்ப் உசத்தியா, அந்த ஒலியைச் சிப்பில் கணக்குப் போட்டுத் தரும் மாடலிங் ஆம்ப் உசத்தியா என்று கிட்டார்காரர்கள் மணிக்கணக்கில் பேசுவது எனக்கும் பிடித்தமானதுதான், ஆனால் அந்தப் பேச்சில் சத்தத்தின் அளவை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே குழம்பிவிடும். ஆம்ப்பைத் தேர்ந்தெடுப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது, நாப்களைத் திருப்புவது என எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

ட்யூப் ஆம்ப்புக்குள் என்ன நடக்கிறது

கிட்டார் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவானது. 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன ப்ரீஆம்ப் ட்யூப்கள் அதை முதலில் பெருக்குகின்றன. அப்புறம் ஈஎல்34, 6எல்6, 6வி6, ஈஎல்84 மாதிரியான பவர் ட்யூப்கள் அதற்கு வலுவேற்றி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. வால்யூமைக் கூட்டக் கூட்ட ஒரு கட்டத்துக்கு மேல் ட்யூப்பால் முழு அலையையும் கொடுக்க முடிவதில்லை, அலையின் உச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிறது. நாம் விரும்பிக் கேட்கிற அந்தக் கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது. ஓங்கி அடித்தால் பவர் சப்ளையும் ஒரு நொடி தொய்ந்து மறுபடி எழும், கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டில் குண்டு பல்பு ஒருகணம் மங்கி மீள்வதைப் போல. விரலுக்குக் கீழே ஆம்ப் அமுங்கிக் கொடுக்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் அந்த நேரத்தில் தன் பங்குக்கு ஒலியை மாற்றுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, பவர் ட்யூப், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்து செய்யும் இந்த வேலை ஆம்ப்பை நன்றாகத் திறந்துவிட்டால்தான் நடக்கும். திறந்துவிட்டால் எவ்வளவு சத்தம் வரும்? வழக்கமான கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 97 முதல் 100 டெசிபல் வரை கேட்கும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல், அதுதான் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். ஆக 50 வாட்ஸ் ஆம்ப் 5 வாட்ஸ் ஆம்ப்பைவிடப் பத்து மடங்கு கத்தாது, இரண்டு மடங்குதான் கத்தும். திருப்பிப் பார்த்தால், 5 வாட்ஸ் ட்யூப் ஆம்ப்பை முழுதாகத் திறந்தாலே லைன் வீட்டில் தெருவே திரும்பிப் பார்க்கும். "வீட்டுக்குத்தானுங்க, அதனால 15 வாட்ஸ் ட்யூப் போதும்ணு பாத்தேன்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மாஸ்டர் வால்யூம் இருக்கிற ட்யூப் ஆம்ப்பில் ப்ரீஆம்ப்பை மட்டும் ஏற்றி மாஸ்டரைக் குறைத்து வைக்கலாம். அதிலும் நல்ல ஒலி கிடைக்கும், ஹெவி மெட்டல் வாசிப்பவருக்கு அது போதும்கூட. ஆனால் பவர் ட்யூப் அப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் வைத்து சத்தத்தைக் குறைப்பது இன்னொரு வழி, அது தனிச் செலவு. ஓம்ஸ், வாட்ஸ் இரண்டும் ஆம்ப்போடு பொருந்துவதாக அதை வாங்க வேண்டும்.

மாடலிங் ஆம்ப் என்ன செய்கிறது

மாடலிங் ஆம்ப் செய்யும் பெரிய உபகாரம், கரகரப்பையும் சத்தத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடுவது. கிட்டார் சிக்னலை எண்களாக மாற்றி, ட்யூப், டிரான்ஸ்ஃபார்மர், டோன் நாப் எல்லாம் அந்த சிக்னலை என்ன செய்திருக்கும் என்பதை ஒரு சிப் கணக்குப் போட்டு, மறுபடி ஒலியாக வெளியே விடுகிறது. 1998இல் லைன் 6 கம்பெனியின் பாட் வந்தபோது ஒரு சின்னப் பெட்டிக்குள் பல ஆம்ப்களின் சாயல் அடங்கியது. அந்தக் கால மாடலிங்கில் விரலுக்கு ஆம்ப் சரியாகப் பதில் சொல்லவில்லை என்ற குறை நியாயமானது. அதன் பிறகு சிப்களின் வேகம் பலமடங்கு கூடிவிட்டது. ஒரு நிஜ ஆம்ப்பைப் பல அளவுகளில் ஒலிக்கவிட்டு அதன் குணத்தை அப்படியே படியெடுக்கும் முறையும் வந்துவிட்டது. கெம்ப்பரும் குவாட் கார்ட்டெக்ஸும் அந்த வகை. 1998இல் உருவான அபிப்பிராயத்தை இன்றைய கருவிகள்மேல் சுமத்துவது நியாயமில்லை.

தாமதம் வருமே என்று சிலர் பயப்படுகிறார்கள். நல்ல மாடலிங் கருவியில் சில மில்லிசெகண்ட்தான் தாமதம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது, மேடையில் நீங்கள் ஆம்ப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே அதற்குச் சமமான தாமதத்தோடுதான் கேட்கிறீர்கள். இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

"மாடலிங்கில் உயிர் இல்லை" என்ற புகாரைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு உண்மை இருக்கிறது, அது பலர் நினைக்கிற இடத்தில் இல்லை. ட்யூப் ஆம்ப்பின் முன் நிற்கும்போது ஸ்பீக்கர் நேரடியாக அறைக்குள் காற்றைத் தள்ளுகிறது. மாடலிங் கருவியை ஹெட்போனிலோ சாதாரண முழு ஒலி ஸ்பீக்கரிலோ கேட்கும்போது நீங்கள் கேட்பது, அந்த ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்தால் எப்படி இருக்குமோ அந்த ஒலியை. கேபினெட்டும் மைக்கும் சேர்ந்த அந்தப் பகுதியைத்தான் ஐஆர் அல்லது கேப் சிமுலேஷன் என்கிறார்கள். ஒன்று அறையில் நிற்கும் ஆம்ப், மற்றது ஒலிப்பதிவில் கேட்கும் ஆம்ப், இரண்டும் வேறாகத்தான் இருக்கும். அறையில் நிற்கும் ஆம்ப்பின் அனுபவம் வேண்டுமென்றால், கேப் சிமுலேஷனை அணைத்துவிட்டு, மாடலிங் கருவியை ஒரு பவர் ஆம்ப் வழியாகவோ வேறொரு ஆம்ப்பின் ப்ரீஆம்ப்பைத் தாண்டி நேரே பவர் பகுதிக்குப் போகும் ரிட்டர்ன் துளை வழியாகவோ நிஜமான கிட்டார் ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். 'உயிர்' பற்றிய புகாரில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. மிச்சம் இருப்பது ஒன்று, நன்றாகத் திறந்துவிட்ட ட்யூப் ஆம்ப்பின் முன் நிற்கும்போது வயிற்றில் வந்து அறைகிற அந்தச் சுகம். அதற்கு ஈடாக வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

கடையில் ஒப்பிடுவது எப்படி

உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் எடுத்துப் போங்கள். கடையில் தொங்கும் விலையுயர்ந்த கிட்டாரில் வாசித்தால் ஆம்ப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இரண்டு ஆம்ப்பையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாத ஒப்பீடு ஒப்பீடே இல்லை, ஏனென்றால் ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே நம் காது அதை 'நல்ல ஒலி' என்று எடுத்துக்கொள்ளும், எந்த ஆம்ப் சற்று சத்தமாக இருக்கிறதோ அதுதான் ஜெயிக்கும். ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ஃபோனை ஒரே தூரத்தில் ஒரே உயரத்தில் வைத்து, ஒரே கார்டை ஒரே வேகத்தில் அடித்து இரண்டையும் சமமாக்க அது போதும். ஸ்பீக்கர் காதுக்கு நேராக இருக்கட்டும். கிட்டார் ஸ்பீக்கரின் உயர் சுரங்கள் நேர்கோட்டில்தான் பாயும், ஆம்ப்பைத் தரையில் வைத்துவிட்டு நின்றுகொண்டு கேட்டால் முழங்காலுக்குத்தான் ட்ரெபிள் கேட்கும்.

மாடலிங் ஆம்ப்பில் கம்பெனி போட்டுக் கொடுத்த பிரீசெட்களைத் தொடாதீர்கள். அவை ரிவெர்ப், டிலே எல்லாம் தடவி, வாங்குபவர் மயங்குவதற்காகச் செய்யப்பட்டவை. எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து, எல்லா நாப்களையும் நடுவில் வைத்து, க்ளீன் ஒலியிலிருந்து தொடங்குங்கள். பிறகு லேசாகக் கரகரக்கும் இடத்துக்கு வந்து மூன்றைச் சோதியுங்கள். மெதுவாகத் தட்டினால் சுத்தமாகவும் ஓங்கித் தட்டினால் கரகரப்பாகவும் வருகிறதா? கிட்டாரின் வால்யூம் நாபை பாதிக்குக் குறைத்தால் ஒலி தெளிகிறதா, மங்கிப் போகிறதா? நீட்டிப் பிடித்த ஒரு சுரம் அடங்கும்போது வழுவழுப்பாக அடங்குகிறதா, கடைசியில் நொறுங்குகிறதா? மோசமான மாடலிங் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான்.

இதையெல்லாம் முடித்த பிறகு, நீங்கள் வீட்டில் வைக்கப்போகும் சத்தத்துக்கு இரண்டையும் குறைத்து மறுபடி கேளுங்கள். கடைக்காரர் சத்தமாக வைத்துத்தான் காட்டுவார், அது அவர் தொழில். குறைந்த சத்தத்தில் எது நன்றாக இருக்கிறது என்பது உங்கள் கவலை.

இன்னொரு எச்சரிக்கை. 'ட்யூப்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் எந்த இடத்தில் ட்யூப் என்று கேளுங்கள். ப்ரீஆம்ப்பில் ஒரு 12ஏஎக்ஸ்7 மட்டும் வைத்து, பவர் பகுதி முழுக்க டிரான்சிஸ்டராக இருக்கும் கலப்பு ஆம்ப்கள் உண்டு. அவை கெட்டவை அல்ல, ஆனால் பவர் ட்யூப் அமுங்கும் குணத்தை அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் செட் செய்வது

மாடலிங் ஆம்ப்பைத் திறந்ததும் பட்டியலில் நாற்பது ஐம்பது ஆம்ப் பெயர்கள் இருக்கும், அதில்தான் பலர் தொலைந்துபோகிறார்கள். நான்கு போதும். சுத்தமான ஒலிக்கு ஃபெண்டர் ட்வின் அல்லது டீலக்ஸ் ரிவெர்ப். மணிபோல் ஒலிக்கும் மேல் சுரத்துக்கு வாக்ஸ் ஏசி30. ராக் ரிதத்துக்கு மார்ஷல். கனமான டிஸ்டார்ஷனுக்கு மேஸா ரெக்டிஃபையர். மற்றவை பெரும்பாலும் இந்தக் குடும்பங்களின் கிளைகள்தான். மார்ஷலின் முதல் ஆம்ப்பே 1950களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேனின் சர்க்யூட்டை ஒட்டிச் செய்ததுதான். டிரேட்மார்க் காரணமாக நிஜப் பெயரைப் போடாமல் 'பிரிட்டிஷ்', 'அமெரிக்கன்', 'டாப் பூஸ்ட்' என்று ஜாடையாகப் போட்டிருப்பார்கள், கையேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கெயினை, அதாவது கரகரப்பைக் கூட்டும் நாபை, நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். தனியாக வாசிக்கும்போது கெயின் அதிகம் இருந்தால் பெரிதாகத் தோன்றும், டிரம்மும் பேஸும் சேர்ந்ததும் அது ஒரு இரைச்சலாக அமுங்கிவிடும். மிட்ஸை, அதாவது நடுச் சுரங்களை, குறைத்து பேஸும் ட்ரெபிளும் ஏற்றி வைப்பதும் அதே வகை. தனியறையில் இனிக்கும், மேடையில் கிட்டார் காணாமல் போகும்.

வாட்ஸ் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் பயன்படுத்துங்கள். பாஸ் கடானா 50இல் 50, 25, 0.5 என்று மூன்று நிலை இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் அந்த அரை வாட்டே தாராளம், அதற்கும் மேல் நேரமாகிவிட்டால் ஹெட்போன். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பகலில் எவ்வளவு வைத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை என்பது ஒரு வசதி, ஆனால் தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று ஏற்றி ஏற்றி வாசித்தால் காது போய்விடும். அங்கே மூடிய வகை ஹெட்போன்தான் நல்லது, அதிலும் வால்யூமைக் கட்டுக்குள் வையுங்கள்.

மேடைக்குப் போகும்போது

வீட்டில் அருமையாகச் செய்து வைத்த ஒலி நோம்பி மேடையில் ஏன் காதைக் கிழிக்கிறது? குறைந்த சத்தத்தில் நம் காது பேஸையும் உச்ச ட்ரெபிளையும் குறைவாகக் கேட்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே அளந்து காட்டிய விஷயம் இது. வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்ட நீங்கள் இரண்டையும் ஏற்றியிருப்பீர்கள், மேடை சத்தத்தில் அது இரண்டும் பொங்கி வழிகிறது. ட்யூப் ஆம்ப்பிலும் இதே கதைதான், ஆனால் அதில் மூன்று நாபைத் திருப்பினால் முடிந்தது. மாடலிங்கில் ஆம்ப், எஃபெக்ட், நாப் நிலை எல்லாம் சேர்ந்த ஒலி அமைப்பைப் பேட்ச் என்பார்கள், அப்படி இருபது பேட்ச் சேமித்து வைத்தவர் மேடையில் இருபதையும் திருத்த முடியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருடைய தோட்டத்துச் சாளைக்காவது போய், கச்சேரி சத்தத்தில் வைத்து பேட்ச்களைச் செய்யுங்கள். வீட்டுக்கென்று தனி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிசைக் கச்சேரிக்கு தரையில் வைத்துக் காலால் மிதித்து இயக்கும் மாடலிங் ஃப்ளோர் யூனிட்டைத்தான் தயங்காமல் சொல்வேன். ஒரே இரவில் இளையராஜா பாட்டுக்குச் சுத்தமான க்ளீனும் கோரஸும் வேண்டும், அடுத்து ரகுமான் பாட்டுக்கு டிலே வேண்டும், நடுவில் குத்துப்பாட்டுக்கு வா-வா எஃபெக்ட் வேண்டும், எல்லாம் பாட்டுக்குப் பாட்டு காலால் ஒரு மிதியில் மாற வேண்டும். பேட்ச்களுக்கிடையே சத்தம் சமமாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். லீட் வாசிக்கும் பேட்ச் மட்டும் 3 டெசிபல் தூக்கலாக இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ரேடியோ செட்காரரின் மிக்ஸருக்கு நேராகக் கொடுக்கும்போது கேப் சிமுலேஷன் கட்டாயம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிஜ கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் கொடுக்காது. அதனால் 5,000–6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுங்கள், அடியில் 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே உள்ளது எல்லாம் பேஸ் கிட்டாருக்கும் டிரம்முக்கும் சொந்தம். குழாய் ஸ்பீக்கரும் கட்டியிருந்தால் ட்ரெபிளை இன்னும் இறக்குங்கள், குழாய் நடு-மேல் சுரங்களை மட்டும் தூக்கிப் பிடித்து எறியும். ஸ்டீரியோ எஃபெக்ட்களை மோனோவாக மாற்றிவிடுங்கள், திருவிழா ஒலியமைப்பு பெரும்பாலும் மோனோதான். இரைச்சல் வந்தால் யூனிட்டில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ரேடியோ செட்காரரிடம் முன்கூட்டியே நாலு வார்த்தை மரியாதையாகப் பேசி, எங்கிருந்து லைன் வருகிறது, எவ்வளவு லெவலில் வருகிறது என்று சொல்லிவைப்பது எந்த நாபையும்விட அதிகம் உதவும்.

ட்யூப் ஆம்ப்போடு மேடைக்குப் போவதென்றால் எடையை யோசியுங்கள். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ. அதன் டிஜிட்டல் வடிவமான டோன் மாஸ்டர் ட்வின் 2019இல் வந்தது, பாதி எடைதான், சுமார் 15 கிலோ. கோபியிலிருந்து ஈரோட்டுக்கு டவுன் பஸ்ஸில் ஆம்ப்போடு போகிறவருக்கு இந்த 14 கிலோ சின்ன விஷயமில்லை.

கரண்ட்

இந்தப் பகுதியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். இரண்டு வகை ஆம்ப்புக்கும் நம் ஊரில் பெரிய எதிரி மின்சாரம்தான், ட்யூப் ஆம்ப்புக்கு இன்னும் அதிகம்.

எர்த். பழைய வீடுகளிலும் தற்காலிக மேடைகளிலும் மூன்றாவது பின் துளை இருக்கும், அதன் பின்னால் எர்த் வயர் இருக்காது. கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிப்பது இதனால்தான். உயிரையே எடுக்கும் விஷயம் இது. வீட்டில் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் பைப்பைச் சோதித்துவிடுங்கள். மேடையில் கிட்டார் ஆம்ப்பும் மைக் மிக்ஸரும் ஒரே சப்ளையில், ஒரே எர்த்தில் இருக்கட்டும். இரைச்சல் குறைகிறது என்று ஆம்ப்பின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

வோல்டேஜ். ட்யூப் ஆம்ப்பில் ஹீட்டரின் 6.3 வோல்ட்டும் உள்ளே ஓடும் 300–500 வோல்ட்டும் நம் வீட்டு 230ஐ ஒட்டியே ஏறி இறங்கும். தோட்டங்களில் எல்லோரும் மோட்டார் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், நள்ளிரவில் மோட்டார்கள் நின்றதும் எகிறும். இறங்கினால் ஒலி மந்தமாகும், எகிறினால் ட்யூப்பின் ஆயுள் குறையும். அதற்கு ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் எந்த ஆம்ப்பும் ரீங்காரமிடும், சைன் அலை இன்வெர்ட்டர்தான் சரி. மாடலிங் யூனிட்களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டரோடு வருகின்றன, எல்லாம் அப்படியல்ல, பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். மேடையில் ஒரு நொடி கரண்ட் போய் வந்தால் டிஜிட்டல் யூனிட் மறுபடி தொடங்க நேரம் எடுக்கும், பாட்டு நடுவில் அது பெரிய நேரம். சின்ன யுபிஎஸ் ஒன்று கூடவே இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்ப்பின் பின்னால் போட்டிருக்கும், அது கரண்டிலிருந்து இழுக்கும் வாட்ஸைப் போல (ஒலியின் வாட்ஸ் அல்ல) இரண்டு மடங்கு திறனுள்ளதாக எடுங்கள், எர்த் அறுபடாமல் கடந்துபோக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று எழுதியிருந்தால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் அதிகமாகச் சூடாகும், அதை வாங்காமல் இருப்பதே நல்லது. மோட்டார், பம்புக்குப் பேர்போன கோவையில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்டெப்-டவுனை அங்கே சொல்லிச் செய்துகொள்ளலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேறு வித்தை, அதற்கு ஆடியோ தெரிந்தவர்தான் வேண்டும்.

ட்யூப் ஆம்ப்பைப் பராமரிப்பது

ஸ்பீக்கரை இணைக்காமல் ட்யூப் ஆம்ப்பை ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும், அதுதான் ஆம்ப்பில் விலை கூடிய பாகங்களில் ஒன்று. 8 ஓம்ஸ் துளையில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர். நடுவே போடுவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும், கிட்டார் கேபிள் அல்ல, இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வாசித்து முடித்ததும் சூடாக இருக்கும்போதே ஆட்டோவில் ஏற்றிக் குலுக்காதீர்கள், ஆறட்டும்.

ப்ரீஆம்ப் ட்யூப் வருடக்கணக்கில் ஓடும். வாசிக்காதபோதே கணகணவென்று சத்தம் வந்தால் ஒரு பென்சிலால் ஒவ்வொரு ட்யூப்பையும் லேசாகத் தட்டுங்கள், எது ஸ்பீக்கரில் மணியடிக்கிறதோ அதை மாற்றுங்கள். ஒன்றுக்கு மேல் பவர் ட்யூப் இருந்தால் அவற்றை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப் என்றால் மாற்றிய பின் பயாஸ், அதாவது வாசிக்காதபோதும் ட்யூப்பில் ஓடும் கரண்டின் அளவு, சரியா என்று பார்க்க வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும், சேஸிஸை நீங்களாகத் திறக்காதீர்கள். வால்வு ரேடியோ காலத்தில் பழகிய மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவரைத் தேடிப் பிடியுங்கள், சர்க்யூட் வரைபடத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தால் அவருக்கு வேலை சுலபம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸே ஒரு காலத்தில் வால்வு தயாரித்தது. இப்போது வருவது ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து, 2022இல் ரஷ்யச் சரக்கு தடைபட்டபோது உலகம் முழுக்க விலை ஏறியது. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு ஜோடி பவர் ட்யூப், சரியான அளவு ஃப்யூஸ் இவ்வளவையும் எப்போதும் கையிருப்பில் வையுங்கள்.

திருப்பூர், பல்லடம் பக்கம் பஞ்சுத் தூசி ஆம்ப்பின் காற்றுத் துளைகளில் படலமாக அடையும். இரண்டு வகை ஆம்ப்புக்கும் அது ஆகாது. ஆறிய பிறகு துணியால் மூடி வையுங்கள், அவ்வப்போது மென்மையான பிரஷ்ஷால் வெளியிலிருந்தே தட்டிவிடுங்கள்.

சரி, யார் எதை எடுப்பது

வீட்டில்தான் வாசிக்கிறீர்கள் என்றால் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் மாடலிங் காம்போ. கச்சேரி என்றால் மாடலிங் ஃப்ளோர் யூனிட். சத்தமாக வாசிக்க இடம் இருக்கிறது, நண்பர்களோடு சேர்ந்து டிரம்மோடு வாசிக்கிறீர்கள், பழுது பார்க்க ஆளும் தெரியும் என்றால் மாஸ்டர் வால்யூம் உள்ள 15–20 வாட்ஸ் ட்யூப் ஆம்ப் எடுங்கள், அந்த சுகத்தை அனுபவியுங்கள். முதல் ஆம்ப்பே ட்யூப்பாக இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த விடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் ட்யூப்புக்குத்தான் என் ஓட்டு. நல்ல ட்யூப் ஆம்ப்பை முப்பது வருடம் கழித்தும் பாகம் மாற்றி ஓட்டலாம். டிஜிட்டல் யூனிட்டின் போர்டு போய்விட்டால், அல்லது கம்பெனி அதன் ஆப்பைக் கைவிட்டால், பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே பழைய மாடலிங் யூனிட் வாங்கும்போது எல்லா பொத்தான், நாப், கால்மிதி, யுஎஸ்பி இணைப்பு ஒவ்வொன்றையும் சோதியுங்கள். இன்றைய ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் அதன் மென்பொருள் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய ட்யூப் ஆம்ப் என்றால் அரை மணி நேரம் ஓடவிட்டு, தீய்ந்த வாசனை, கூடிக்கொண்டே போகும் ரீங்காரம், பவர் ட்யூப்பின் உள்தகடு சிவந்து ஒளிர்வது ஏதாவது தெரிகிறதா என்று கவனியுங்கள். தகடு சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

கையில் காசே இல்லை, லேப்டாப் மட்டும் இருக்கிறது என்றாலும் வழி இருக்கிறது. கிட்டார் நேராகச் சொருகும் ஹை-இசட் இன்புட் உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், நிஜ ட்யூப் ஆம்ப்களைப் படியெடுத்த கோப்புகளை ஆட்கள் இலவசமாகவே பகிர்கிறார்கள். படியெடுத்ததில் ஆம்ப் மட்டும்தான் இருக்கிறதா கேபினெட்டும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஆம்ப் மட்டும் என்றால் தனியாக ஒரு ஐஆர் போடுங்கள். பஃபர் என்பது கம்ப்யூட்டர் ஒரு முறைக்கு எடுத்துக் கணக்குப் போடும் ஒலித் துண்டின் அளவு, 48,000 ஹெர்ட்ஸில் அதை 128 சாம்பிளில் வைத்தால் அந்தப் பஃபரின் தாமதம் 3 மில்லிசெகண்டுக்குள்தான். லேப்டாப் திணறி ஒலி உடைந்தால் 256க்கு ஏற்றுங்கள். இன்புட் நாபை, நீங்கள் அடிக்கிற மிக ஓங்கிய அடியிலும் சிவப்பு விளக்கு எரியாத இடத்தில் நிறுத்துங்கள்.